சிவப்புப் பேனைக்காரர்

மன்னார் தபாற்கந்தோரில்தான் அவரைச் சந்தித்தேன். மெலிந்த எழுத்தர், காதில் சிவப்புப் பேனை. பிழை கண்டால் அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறித்தான் வெட்டுவார். சிறுகுழு இசைக்கான தேசியப் பரிசுக்கு என் புதிய ஆக்கத்தை அனுப்ப அன்றே கடைசி நாள். வெளியே தபால் வான் உறுமியது. நிரப்பிய படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

விண்ணப்பத்தைப் பார்த்தார். "அண்ணை, வாசிக்கிற கருவியளைத்தான் கேட்டிருக்கினம். 'வயலின் ஒன்று, தொலைந்தது' எண்டு எழுதியிருக்கிறியள்."

போருக்குப் பின் ஊரில் மீள்குடியேறிய நாளிலிருந்து, தொலைந்த பொருட்களுக்கு நட்டஈட்டுப் படிவமே நிரப்பிப் பழகிய கை.

"வேற படிவம் இல்லையே. முடிஞ்சுது என்ர கதை" என்றேன்.

"வயலின் இருக்கட்டும்" என்றவர், அடிமட்டம் வைத்து 'தொலைந்தது' என்பதை மட்டும் வெட்டினார்.

பரிசு வரவில்லை, நட்டஈடும் வரவில்லை. நான் நிரப்பிய அத்தனை படிவங்களிலும் என் வயலின் திரும்பக் கிடைத்தது அந்த ஒன்றில்தான்.