உப்பு பேட்டரி பாலம் ஏறிய கதை

லித்தியம், கோபால்ட் எதுவும் இல்லாமல், உப்பிலிருந்து வரும் சோடியத்தையும் முந்திரி ஓட்டுக் கரியையும் வைத்து நாங்கள் செய்த பேட்டரி இன்று மாமாவின் மின்சார ஆட்டோவில் ஏறியது.

செம்மண்டலத்தில் மாமா சாவியைத் திருப்பினார். வண்டி அசையவில்லை.

"இன்னாம்மா, உப்பு கரைஞ்சிபோச்சா?" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூடியைத் திறந்தேன். பூஜை போட்ட மாமா, இரண்டு டெர்மினலிலும் சந்தனத்தை அப்பி, அதன் மேலேயே வயரை மாட்டியிருந்தார்!

"உயிரே அங்கதான இருக்குது? வேற எங்க பொட்டு வைக்கிறது?" என்றார் மாமா.

துடைத்து மாட்டினேன். சிரித்தவர்களையே ஏற்றிக்கொண்டு கெடிலம் பாலத்தில் ஜம்மென்று ஏறி, திருப்பாதிரிப்புலியூரில்தான் நின்றோம்!

"பழைய பேட்டரியவுட ஜாஸ்தி இழுக்குது" என்றார் மாமா.

அடுத்த பேட்டரியின் மூடியில் வட்டம் போட்டு "பொட்டு இங்கே" என்று அச்சடிக்கப் போகிறேன். எலுமிச்சம்பழத்துக்கும் இடம் விடணுமா, மக்களே?