சாணி பூசிய சக்கரம்

கள்ளக்குறிச்சியில் கார் கழுவ மூன்று கொட்டகை வைத்திருக்கிறேன். கரியாலூர் அருவியைப் பார்த்துவிட்டுச் சேறோடு இறங்குகிற வண்டிகள் என்னிடம்தான் வந்து நிற்கும். டயருக்குக் கறுப்பு அடிக்கும்போது சக்கரத்தில் ஒரு பொட்டு தெறித்தாலும் கூலி வேண்டாம் என்பேன். இதுவரை யாருக்கும் சும்மா கழுவித் தந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த வித்தையை எட்டு வயதில் நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

என் மாமா நைனார்பாளையத்தில் ஒரு பண்ணையார் வீட்டு டிரைவர். எங்கள் சனத்தில் களை வெட்டப் போகாத ஒரே ஆம்பளை. பூச்சிமருந்து அடிக்கிற கைப்பம்பில் கறுப்பை ஊற்றி டயருக்கு அடிப்பார். அது டயரைவிட, வெள்ளியாய் மின்னும் வீல் கப்பில்தான் ஜாஸ்தி படும். இன்னொரு தடவை பட்டால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று முதலாளி சொல்லிவிட்டார். அடுத்து வந்தது முதலாளி மகள் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்தக் கார்தான். மாமா பம்பைப் பிடித்தபடி அடிக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

அன்று மாமாவோடு போயிருந்த நான் மாட்டுக்கொட்டகைக்கு ஓடிச் சாணி அள்ளிவந்து வீல் கப் முழுக்க மெழுகினேன். தரை மெழுகிப் பழகிய கை, விளிம்பு பிசகவில்லை.

"அடிப்பாவி! இன்னாடி பண்ணிக்கினு இருக்க? மொதலாளி காருக்குச் சாணியா?"

"கறுப்பு சாணி மேலதான் மாமா படும். பயப்படாம அடிங்க."

"எனக்கு வேல போச்சுன்னா உன்னத்தான் அந்த வூட்ல சாணி அள்ள வுடுவேன்!"

அடித்தார். டயர் காய்ந்ததும் ஈரத்துணியால் சாணியைத் துடைத்தெடுத்தேன். கப்பில் முகம் தெரிந்தது.

முதலாளி சுற்றிவந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாடா, சாணி நாத்தம் அடிக்குது?"

"நல்ல காரியத்துக்குப் போற வண்டிங்க. சாணி போட்டுத் தொடச்சேங்க" என்றார் மாமா.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நான்தான்" என்று வாயெடுத்தேன். மாமா என் கையை அழுத்திப் பிடித்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று பிறகு கெஞ்சினார். என் வித்தையைத் திருடிவிட்டாரே என்று இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

நாற்பதைத் தாண்டி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிய ஒரு நாளில்தான் எனக்கு உறைத்தது. கறுப்பு எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்பதே மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. டிரைவருக்குக் கண் மங்குகிறது என்று யாராவது மோப்பம் பிடித்திருந்தால் சாவி அன்றே கைமாறியிருக்கும். எனக்கோ, என் பேரைச் சொல்லவில்லையே என்பதுதான் அன்றைக்குப் பெரிய துக்கம்.