சர்க்கரைப் பொங்கலும் அக்காவின் ஆராய்ச்சியும்

நீரிழிவு இல்லாத ஓர் ஆள் வேண்டும் என்று என் அக்கா தான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தேடினாள். கடைசியில் கிள்ளானுக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். எங்கள் சொந்தபந்தத்தில் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரத்தப் பரிசோதனையில் நான் தேறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமாகத் தேறியதில்லை.

அக்கா மருத்துவர். ஆரோக்கியமானவர்களுக்கு இன்சுலின் ஏற்றினால் உடம்பிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் என்ன ஆகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் வீட்டில் இன்சுலின் என்றால் ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சாமான். அம்மா இருந்தவரை சாப்பாட்டுக்கு முன்னால் அக்காதான் அவருக்கு ஊசி போடுவாள்.

இன்னும் ஒரே ஓர் ஆளைச் சோதித்தால் ஆராய்ச்சி முடிந்துவிடும். பெட்டாலிங் ஜெயாவில் அவளுக்குக் கொடுத்திருந்த ஆய்வுக்கூடமோ அந்த மாதக் கடைசியில் வேறொருவர் கைக்குப் போகிறது. அதனால் சோதனைக்கு முந்தின நாளே என்னைத் தன் வீட்டுக்கு வரவழைத்தாள்.

"வெறும் வயித்துலதான் சோதனை. தண்ணி மட்டும்தான். வாயில ஒரு பருக்கை படக்கூடாது லா," என்று மிரட்டினாள். ஃப்ரிட்ஜ் பக்கம் நடந்தாலே முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். நல்ல காரியத்துக்குப் போகும்போது கோயிலைத் தாண்டிப் போக அக்காவுக்கு மனசு வராது. காரை நிறுத்திக் கும்பிட்டோம். வாழையிலைத் துண்டில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு வாய் கிள்ளி எடுத்து, சின்ன வயதில் செய்வதுபோலவே "ஆ காட்டுடா," என்றாள்.

நானும் காட்டினேன். விழுங்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"துப்புடா!" என்று அலறினாள்.

"பிரசாதத்தையாக்கா?"

காருக்குள் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது. அன்று சோதனை நடக்கவில்லை. ஆய்வுக்கூடத்தாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த வெள்ளிக்கிழமையை வாங்கினாள். அதைவிட்டால் வேறு நாள் கிடையாது.

அடுத்த வாரம் கோயில் இருக்கும் தெருப் பக்கமே காரைத் திருப்பவில்லை.

"சாமி கோவிச்சுக்காதா?" என்றேன்.

"விடியக்காலையிலேயே தனியா போய்ட்டு வந்துட்டேன். வாய மூடிக்கிட்டு வா."

ஆய்வுக்கூடத்தில் என் ஒரு கையில் இன்சுலின் ஏறியது. சர்க்கரை இறங்கிவிடாமல் கூடவே குளுக்கோஸும் ஏறியது. மறு கையில் ரத்தம் எடுத்தார்கள். இடையிடையே என்னைச் சிறுநீர் பிடித்துவர அனுப்பினாள்.

"உள்ள என்னதான்கா நடக்குது?"

"இன்சுலின் சக்கரைய செல்லுக்குள்ள தள்ளும். பாஸ்பேட்டும் கூடவே போயிரும், அதான் ரத்தத்துல கொறையுது. யூரின்லயும் கொறையும். கால்சியம் மட்டும் யூரின்ல கூடுதலா போகும்."

"ஐயோ, என் எலும்பு!"

"கொஞ்ச நேரத்துக்குத்தான்டா, கத்தாத."

சாயங்காலம் முடிவுகள் வந்தன. அவள் சொன்னபடியே இருந்தது. பாஸ்பேட் இறங்கியிருந்தது, சிறுநீரில் கால்சியம் ஏறியிருந்தது. அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். காலையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த பொங்கல்.

"இப்ப ஆ காட்டு."

"இதுக்கு யாரு இன்சுலின் போடுவாங்கக்கா?" என்று சீண்டினேன்.

அம்மாவுக்கு ஊசி போட்டுவந்த அந்தக் கை, கிள்ளிய பொங்கலோடு அப்படியே நின்றது.

"ஒனக்கு யாரும் போட வேணாம்டா," என்றாள். "ஒனக்குத் தானாவே ஊறும்."