கேட்காமல் எடுத்த ஓலை

அண்ணி வீட்டு வாசல் நிலையின் மேல்சட்டத்தில் ஓர் ஆணி இருக்கிறது. துருவேறி, தலை இடப்பக்கம் சாய்ந்த ஆணி. அண்ணன் அதை அடித்த அன்று சுத்தியல் கைக்கு அகப்படாமல் முற்றத்தில் கிடந்த கருங்கல்லால் அடித்தார். அதனால் அது கோணிக்கொண்டது. பிடுங்கிச் சரியாக அடிக்கச் சொல்லி அண்ணி கேட்டும் அவர் செய்யவில்லை. குருத்தோலையைத் தாங்குவதற்கு இவ்வளவு போதும் என்றாராம். அந்த ஆணிக்கு வேறு வேலை கிடையாது. ஆண்டு முழுவதும் ஓர் ஓலையைத் தாங்கும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில், குருத்து ஞாயிறன்று மந்திரித்துத் தரும் ஓலையைச் சிலுவையாக மடித்து எல்லோரும் வாசல் நிலையில் மாட்டிவைப்போம். மறு ஆண்டு தவக்காலம் தொடங்கும் முன் அவற்றைத் திரும்ப வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் இடுவார்கள். சென்ற ஆண்டு ஆண்டவரை வாழ்த்தி உயர்த்திய ஓலை, இந்த ஆண்டு நம் சாவை நினைவூட்டும் சாம்பல். இதை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் பலமுறை அழகாக விளக்கியிருக்கிறேன். ஓலைகளைச் சேகரிக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு பிற்பகல், துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். எங்கள் ஊரில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வீட்டில் ஆள் இருந்தால் எடுத்துத் தருவார்கள். இல்லாவிட்டால் நானே கை நீட்டி எடுத்துக்கொள்வேன். எடுக்கட்டுமா என்று கேட்கும் வழக்கம் இருந்ததில்லை.

அண்ணன் பக்தியுள்ளவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே பூவரச மரத்தடிக்குப் போய்விடுவார். ஆனால் குருத்து ஞாயிறு மட்டும் தவறாது. காட்டூர்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து வரும் தென்னங்குருத்துகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் ஓலையை மடித்து நடுவில் செருகிவிடுவார்கள். அண்ணன் மட்டும் சிலுவையின் நடுவில் வலை முடிச்சுப் போடுவார். வலைக்கு முடிச்சிடுகிறபோது இரண்டு கையும் இழுத்துப் பிடித்திருக்க, கடைசி இறுக்கத்தைப் பல்லால் கொடுப்பது அவர் பழக்கம். ஓலையிலும் அதையே செய்வார். அவருடைய முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. ஆகவே அவர் செய்த சிலுவையில் முடிச்சின் அருகே இரண்டு தடங்கள் இருக்கும்: ஒன்று முழு வளைவு, மற்றொன்று சரிந்து அறுந்த கோடு.

அண்ணிக்கு அது ஆண்டுதோறும் கேலிக்குரிய விஷயம். "மந்திரிச்ச ஓலைய கடிக்கிற ஆளு இந்த ஊர்லயே இவுரு ஒருத்தருதான். டீச்சரம்மா, இது இன்னா பாவம்னு உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு" என்பாள். பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு நான் டீச்சரம்மாதான். கடித்தால்தான் முடிச்சு நிற்கும் என்று அண்ணன் வாயில் ஓலையோடு முனகுவார். அவர்களுடைய சிறு மகள் அப்பாவின் பல்லையும் ஓலையையும் மாறிமாறிப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்படி ஒரு சிலுவை அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஆண்டின் கார்த்திகையில் அண்ணன் கடலுக்குப் போனார். வாடைக்காற்றின் நாட்கள். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை கண்டபடி உடைந்துகொண்டிருந்தது. திரும்பி வருகையில் அங்கேதான் ஃபைபர் படகு கவிழ்ந்தது. உடன் போன இருவர் லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கரையேறினார்கள். அண்ணன் ஏறவில்லை. சுற்றியிருந்த குப்பங்களின் படகுகளெல்லாம் போயின. பழவேற்காட்டுப் பாய்மார்கள் தங்கள் படகுகளையும் ஆட்களையும் அனுப்பினார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை தேடினார்கள். படகு கிடைத்தது. வலையில் பாதி கிடைத்தது.

முப்பதாம் நாள் பூசைக்குக் கேட்க ஃபாதர் வீட்டுக்கு வந்தார். அண்ணி அவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, பிறகு சொன்னாள்: "ஆளு இன்னும் வரல ஃபாதர். வந்தா நானே வந்து சொல்றேன்." உயிரோடு வருவதையா, உடலாக வருவதையா, எதைச் சொன்னாள் என்று கேட்கும் துணிவு அங்கிருந்த யாருக்கும் இல்லை. அவள் அழுது கிடக்கவில்லை. வழக்கம்போல மீன் ஏலத்துக்குப் போனாள், கருவாடு காயவைத்தாள், மகளுக்குத் தலை வாரினாள். தாலியைக் கழற்றவில்லை. மாலையில் விளக்கேற்றிவிட்டு, கதவைச் சாத்துமுன் கையை உயர்த்தி அந்த முடிச்சைத் தொடுவாள். கட்டைவிரல் பல் தடத்தின் மேல் ஒரு கணம் நிற்கும். அதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

என் அம்மாவால் அந்த வீட்டில் அழ முடியவில்லை. அவர் வருவார் என்று மருமகள் காத்திருக்கும் வீட்டில், மகன் போய்விட்டான் என்று மாமியார் எப்படி அழுவாள்? அடுத்த தெருவில் இருந்த என் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பிப் போவாள். பிள்ளைக்கு ஒரு பூசைகூட வைக்க விடமாட்டேன் என்கிறாளே என்பாள். எனக்கும் அந்தக் காத்திருப்பு முடிய வேண்டும் என்று இருந்தது. நான் படித்தவள். துயரம் நடக்கும் வழி எது, திரும்பும் இடம் எது என்று புத்தகங்களில் படித்திருந்தேன். வழிபாட்டுக்கு ஆறுதல் தரும் ஆற்றல் உண்டு என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அண்ணி அந்த ஆற்றலுக்குக் கதவைத் திறக்காமல் நிற்கிறாள் என்று எண்ணினேன்.

அந்த ஞாயிறு நான் பையோடு போனபோது அண்ணியும் மகளும் கருவாட்டுக் களத்தில் இருந்தார்கள். அம்மா உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. கையை நீட்டி ஓலையை எடுத்தேன். கவனக்குறைவாக, பத்தோடு ஒன்றாக எடுத்துவிட்டேன் என்றுதான் பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டபோதும் கவனக்குறைவு என்ற சொல்லைத்தான் சொல்லி மன்னிப்பு வாங்கினேன். அது உண்மை அல்ல. ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முடிச்சைப் பார்த்தேன். முழு வளைவையும் சரிந்த கோட்டையும் பார்த்தேன். உடலில்லாத அண்ணனுக்கு இதுவே அடக்கமாகட்டும் என்று மனத்துக்குள் ஒரு வாக்கியம் நேர்த்தியாக எழுந்தது. அந்த வாக்கியத்தின் நேர்த்தியில் மயங்கி ஓலையைப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகப் பேருந்துக்கு நின்றிருந்தேன். அண்ணி வீட்டுச் சந்து அங்கிருந்து தெரியும். காற்றில் விழுந்திருக்கும் என்று எண்ணியிருப்பாள். வாசலிலிருந்து தொடங்கி, சந்தின் மணலைக் கைகளால் அள்ளி, மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் குந்தியிருந்த மகள், ஓட்டைக் கிண்ணம் ஒன்றில் அதையே செய்துகொண்டிருந்தாள். ஒரு முழ நீளமுள்ள சிலுவையைத் தேடச் சல்லடை எதற்கு? அவள் துண்டுகளைத் தேடினாள் என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பை அப்போது கோயிலில் பூசைப் பொருள்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையின் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. இறங்கியிருக்கலாம்.

செவ்வாய் மாலை கோயில் உபதேசியார் மண்சட்டியில் தீ மூட்டினார். காய்ந்த குருத்து படபடவென்று பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் எல்லாம் தாழ்ந்துவிட்டது. முடிச்சு மட்டும் இறுக்கமாக இருந்ததால் கடைசியாக எரிந்தது. செக்கச்சிவந்து, வடிவம் குலையாமல் சற்று நேரம் நின்றது. உபதேசியார் குச்சியால் தட்டினார். உதிர்ந்தது.

திருநீற்றுப் புதன் பூசையில் சாம்பல் தட்டை ஏந்திக்கொண்டு ஃபாதர் அருகில் நின்றது நான். நாம் மண், மண்ணுக்கே திரும்புவோம் என்னும் பொருளுள்ள வார்த்தைகளை ஒவ்வொருவருக்கும் சொல்லி அவர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டிருந்தார். வரிசையில் அண்ணி வந்தாள். எல்லா வீட்டு ஓலையும் வந்துசேர்ந்துவிட்டது என்று உபதேசியார் கள்ளமில்லாமல் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஃபாதரைப் பார்க்கவில்லை. தட்டுக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இதுலதான் இருக்காரா?"

நான் தலையசைத்தேன். ஃபாதரின் விரல் புரியாமல் நடுவில் நின்றது. அண்ணி குனிந்து நெற்றியைக் கொடுத்தாள். எல்லோருடைய சாம்பலும் அன்றிரவுக்குள் வியர்வையிலும் தண்ணீரிலும் போய்விட்டது. அண்ணி மூன்று நாள் புருவத்துக்குக் கீழே மட்டும் முகம் கழுவினாள்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத்தில் அவளே போய் அண்ணனின் பெயரைப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாள். அம்மா அந்த வீட்டிலேயே வாய்விட்டு அழுதாள். இறைவனின் அருள் வேலை செய்தது என்றார் ஃபாதர். ஊரும் அப்படியே சொன்னது. நான் நினைத்தது நடந்துவிட்டது; நான் செய்தது சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்மை விளைந்தது என்பதால் களவு களவில்லை என்று ஆகிவிடாது என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தும், சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வந்த குருத்து ஞாயிறன்று அண்ணி புதிய ஓலையோடு என் வீட்டுக்கு வந்து, உங்கண்ணன் முடிச்சு உனக்கு வருமா என்று கேட்டாள். மீனவன் வீட்டுப் பெண் நான். வலைக்கு நடுவே வளர்ந்தும் புத்தகத்தை விட்டு நிமிர்ந்து அந்தக் கைகளை ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்றாம் முறை ஓலை கிழிந்தது.

"வுடு டீச்சரம்மா. இது உன் புஸ்தகத்துல இருக்காது."

குரலில் கோபமில்லை. பழைய கேலியின் எலும்பு மட்டும் இருந்தது. வேறொரு ஓலையை மடிக்காமல் அப்படியே நீளமாக ஆணியில் மாட்டிக்கொண்டாள்.

உயிர்ப்பு ஞாயிறன்று நற்செய்தி வாசித்தார்கள். கல்லறைக்குப் போன பெண், உள்ளே உடல் இல்லாததைக் கண்டு, ஆண்டவரை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அழும் பகுதி. அந்த வெறுமைதான் நம் நம்பிக்கையின் தொடக்கம் என்று ஃபாதர் பிரசங்கம் வைத்தார். அதன்பின் அண்ணி வீட்டில் சாப்பாடு. மடவை மீன் குழம்பில் நடுத்துண்டைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தவள், கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"எடுத்துனு போனது யாருன்னு அந்தம்மாவுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். அதற்குமேல் அவள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் ஒன்று மாறியது. ஒவ்வோர் ஆண்டும் நான் பையோடு சந்துக்குள் நுழையும்போதே, ஓலையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். ஆணிவரை என் கை போக அவள் விடவில்லை. கொடுப்பாள், நான் வாங்கிப் பார்க்காமலே பைக்குள் போடுவேன். ஒவ்வொரு தவக்காலமும் இந்த முறை கேட்டுவிட வேண்டும், மன்னிப்பு என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று இருப்பேன். உயிர்ப்பு ஞாயிறு வந்துவிடும்.

அண்ணி கடந்த கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இறந்தாள். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மருத்துவமனையில் அவள் பக்கத்தில் நான் தனியாக இருந்த பிற்பகல்கள் உண்டு. அப்போதும் முகத்துவாரத்தில் மேடிட்ட மணலை எடுத்தார்களா என்றுதான் கேட்டாள். எடுக்கிறார்கள் என்றேன். அவளுக்கு உடல் இருந்தது, பெட்டி இருந்தது, மண் இருந்தது. குறையில்லாமல் அடக்கம் செய்தோம்.

இந்த ஆண்டும் தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு பையோடு போனேன். பொன்னேரியில் வாழ்க்கைப்பட்ட அண்ணி மகள் வீட்டைப் பெருக்க வந்திருந்தாள். வாசலில் ஓலையோடு நிற்க ஆளில்லை. அது ஆணியில் சுருண்டு தொங்கியது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இன்னா அத்தை புதுசா கேக்குற? வருசா வருசம் எடுக்கறதுதானே" என்றாள், துடைப்பத்தை நிறுத்தாமல்.

எடுத்தேன். சுருளைப் பிரித்தேன். ஓலையின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. தளர்ந்த, தப்பான முடிச்சு, இழுத்தால் அவிழ்ந்துவிடும். அதன் அருகே பல் தடங்கள். உடைந்த பல்லின் தடம் அல்ல; சிறிய, சீரான பற்கள். இந்த ஆண்டு மட்டும்தான் அண்ணி இதை முயன்றாளா, ஆண்டுதோறும் முயன்று முயன்று, சுருட்டி, என் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தாளா, தெரியவில்லை. அண்ணனுடையதை ஒருமுறை பார்த்துவிட்டு எரித்தேன். மற்ற எல்லா ஆண்டும் பார்க்காமல் எரித்தேன்.

ஓலையை மறுபடி ஆணியில் மாட்டினேன். ஏன் என்று அவள் கேட்டாள். வாசற்படியில் உட்கார்ந்தேன். கவனக்குறைவு என்ற சொல் பழக்கத்தால் நாக்குவரை வந்தது. "உங்கப்பா செஞ்ச சிலுவைய அன்னிக்கு நான் பாத்துட்டுதான் எடுத்தேன், கண்ணு" என்றேன்.

துடைப்பம் நின்றது. அவள் ஆணியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நானும் மண்ணு சலிச்சேன் அத்தை."

மீண்டும் பெருக்கத் தொடங்கினாள். நான் உட்கார்ந்திருந்த படியை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் பெருக்கினாள். தலைக்கு மேலே, கோணல் ஆணியில், அண்ணியின் ஓலை ஏரிக்காற்றில் சட்டத்தை உரசிக்கொண்டிருந்தது.