மூன்று என்று எழுதியவள்

அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் காதக்கா. வெளிதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளி. காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கும் தேர்வு காதக்காவின் பொறுப்பு. உரையாடலைத் தானே எழுதி, தானும் பள்ளிக் கணக்கரும் இரு குரலாகப் பேசிப் பதிவு செய்வார். பேச்சுக்கு நடுவே, விடை எழுத இடைவெளி விடவேண்டும். அங்கே ஒலி அடியோடு நின்றால், கருவி கெட்டுவிட்டதென்று பதறிவிடுவார்கள். அதனால் அறையின் அமைதியை ஒருமுறை பதியவைத்து, அதே துண்டை எல்லா இடைவெளியிலும் ஒட்டிவந்தார்.

இந்தத் தடவை, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒரே மதிப்பெண்ணில் தவறினாள். தேறாவிட்டால் வேலை போய்விடும். 'அறையில் எத்தனை பேர்?' என்பதற்கு மூன்று என்று எழுதியிருந்தாள். காதக்கா கூப்பிட்டுக் கேட்டார்.

"ரெண்டு குரல்தானேம்மா கேக்குது?"

"பேசுறது ரெண்டு பேர்க்கா. இன்னொருத்தர் பேசல. சும்மா உக்காந்திருக்காரு."

பக்கத்தில் இருந்த கணக்கர் சிரித்தார். "பேசாதவங்களையும் எண்ணலாம்னா, என் வீட்டுல நானும் ஒரு ஆள்தான்."

காதக்கா சிரிக்கவில்லை. அந்த அமைதியைப் பதிந்தவர் அவருடைய கணவர். பதிந்து முடியும்வரை மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

பதிவை மறுபடி ஓடவிட்டார். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் இடைவெளி. "மூலையில இருக்காரு."

இரண்டாவது. "எந்திரிச்சுட்டாரு."

மூன்றாவது. "உங்க பக்கத்துல."

"எல்லாம் ஒரே துண்டும்மா."

"இல்லக்கா. வேற வேற."

காதக்கா ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டார். சொல் நின்றதும் அவர் காதும் நின்றுவிட்டது. மொழிக்குப் புதியவர்களுக்கு எதைக் கேட்காமல் விடலாம் என்று தெரியாது, எல்லாவற்றையும் கேட்பார்கள். வகுப்பில் அதை அவர் குறையாகத்தான் சொல்வார்.

இரண்டுதான் சரியென்றால் இவள் பிழைப்பு போகும். மூன்று சரியென்றால், கணவர் இத்தனை நாள் இங்கேயே இருந்தும் தனக்குக் கேட்கவில்லை என்றாகும்.

தவறு என்று போட்ட குறியை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டார்.

"தேறிட்ட. கிளம்பு."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்து, வெளியே நின்று, பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு சற்று ஒதுங்கினாள். காதக்காவும் கணக்கரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவை விட்டாள்.