நல்லையா கங்காணி பாஸ் பண்ணிய சோதனைகள்

கம்பனியிலிருந்து பெரிய துரை வருகிறார் என்று தெரிந்துவிட்டால் நல்லையா கங்காணிக்குத் தலைகால் புரியாது. றோட்டோரத்துத் தேயிலை மலையில் மட்டும் புல் வெட்டப்படும். வாசல் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும். அம்மாமார் வேலைக்குப் போகையில் விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, துவைத்த சட்டை மாட்டுவார்கள். இருமுகிற கிழவிகளை ஜீப் ஏறாத உச்சிமலைக்கு அனுப்பிவிடுவார். ஜீப் வரும், றோட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றும், பெரிய துரை தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த வாரமே புல் பழையபடி வளர்ந்து நிற்கும். அதைப்பற்றி நல்லையாவுக்கு என்ன கவலை? பாஸ் ஆகிவிட்டதே!

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில், சில்லறை வேலைக்கு நின்ற மனுஷன் கங்காணி ஆனதே இந்த வித்தையால்தான். கொழுந்து நிறுக்கவும் தெரியாது, மலையைப் பராமரிக்கவும் தெரியாது. ஆனால் துரைக்கு எதைக் காட்டவேண்டும், எதை மறைக்கவேண்டும் என்பதில் புலி. சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. எதற்கும் 'நல்லதுங்க ஐயா' என்கிற மாதிரி "ஹொந்தாய் மஹத்தயா, ஹொந்தாய்" என்று குழைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் சுப்பம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அவருடைய மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அந்த உச்சிமலைப் புல்லுக்குள் நின்று அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கொழுந்து பறித்தவள். லயத்து வரிசை வீட்டுச் சனமே "கங்காணியார், கங்காணியார்" என்று கும்பிட்ட மனுஷனை அவள் மனசுக்குள் ஒரு நாளும் கும்பிட்டதில்லை.

வெள்ளம் வந்து வடிந்த அந்த 2003ஆம் வருஷக் கடைசியில் கங்காணிக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிந்து, விழுங்கக் குளிசையும் கொடுத்து, அடுத்த முறை வரும்போது இரத்தம் எடுக்கவேண்டும் என்றார்கள். இரத்தம் எடுக்கிற இடத்தில் ஸாஹிரா என்றொரு பெண் வேலை செய்தாள். தமிழ் பேசுகிறவள். வருகிறவர்களுக்குச் சலிக்காமல் விளக்கம் சொல்லுவாள்.

"முந்தின நாள் ராவைக்கு வழமையா சாப்பிடுறதையே சாப்பிடுங்கொ. அதுக்குப் பொறகு வெறுந்தண்ணி மட்டுந்தான். தண்ணி நல்லா குடிங்கொ, அப்பத்தான் நரம்பு தெரியும். விடியக் காலையில தேத்தண்ணி கூடாது, வெத்திலையும் கூடாது. சீனிக் குளிசையக் கையில கொண்டு வாங்கொ. ரத்தம் எடுத்த பொறகு சாப்பிட்டுட்டுப் போடலாம். அதுக்கு முந்தின நாளெல்லாம் எப்படிச் சாப்பிடுறீங்களோ அப்படியே இருங்கொ. ஒண்டையும் மாத்தாதீங்க, அப்பத்தான் டொக்டருக்கு உண்மை தெரியும்."

இத்தனையையும் கேட்டுவிட்டு நல்லையா கேட்டது ஒரே கேள்வி. "எத்தனாந் திகதிங்க மிஸ்?"

திகதி தெரிந்துவிட்டது அல்லவா, இனி ஏற்பாடுகளுக்கு என்ன குறைச்சல்! கிளினிக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது சோறு நின்றது. காலையில் பாகற்காயை இடித்துச் சாறு குடித்தார். குரக்கன் ரொட்டியில் பாதி. பின்னேரத்தில் ஃபெக்டரி வரைக்கும் இறங்கி ஏறி நடை. அதுவரை பெட்டிமேல் தூங்கிய குளிசைகள் வேளை தவறாமல் வாய்க்குள் போயின. முந்தின இரவு சாப்பாடே இல்லை. "அப்படியே இருங்கன்னுதானே அந்த மிஸ் சொன்னாங்க?" என்று சுப்பம்மா கேட்டதற்கு, "ஒனக்கு ஒரு எழவும் தெரியாது. துரை வர்றாருன்னா மலையைப் புல்லோடயா காட்டுவாங்க?" என்றார்.

ஊசியைக் கண்டதும் வீரம் எல்லாம் போய்விட்டது. நூறு பெண்களை மலையில் நிற்கவைத்துக் கத்துகிற மனுஷன், கையில் றப்பர்க் கயிற்றைக் கட்டியதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா" என்றார். ஸாஹிரா சிரித்துக்கொண்டே, "எறும்பு கடிச்ச மாதிரித்தான், கைய இளக்கி விடுங்கொ" என்றாள். சொன்னது போலவே எறும்புக்கடிதான். பஞ்சை வைத்து, தேய்க்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். ரிப்போர்ட் வந்தது. சீனி அளவாக இருந்தது. டொக்டர் பாராட்டினார்.

பாஸ் பண்ணிய கங்காணி, பஸ் ஏறுவதற்கு முன்பே பால் தேத்தண்ணியும் கை நிறையத் தித்திக்கிற தொதலும் வாங்கிச் சாப்பிட்டார். குளிசைகள் மறுபடி பெட்டிமேல் ஏறின. அடுத்த கிளினிக்கும் இப்படித்தான், அதற்கடுத்ததும் இப்படித்தான். போகப்போக லயத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள் எல்லாரும் இவரிடம் வந்து யோசனை கேட்டார்கள். இவரும் பெரிய டொக்டர் மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்.

அப்படி ஆட்டிய காலில்தான் வினை வந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கட்டையாக்கிய மலையில் நடந்தபோது ஒரு குச்சி, சப்பாத்தைத் துளைத்துக்கொண்டு சின்ன விரலுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. மனுஷனுக்கு வலிக்கவே இல்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாதம் ஒன்று போயிற்று, புண் ஆறவில்லை. சுப்பம்மா வெந்நீர் வைத்துக் கழுவினாள். ஆறவில்லை.

கிளினிக்கில் டொக்டர் புண்ணைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். சீனிதான் கட்டுப்பாட்டில் இருக்கிறதே, பிறகு ஏன் ஆறவில்லை, ஒழுங்காகக் கழுவுகிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். "ஹொந்தாய் மஹத்தயா." குளிசை தவறாமல் போடுகிறாயா? "ஹொந்தாய் மஹத்தயா." சிங்களம் பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும் என்பதால், டொக்டர் ரிப்போர்ட்டை நம்பி ஏமாறுகிறார் என்பது பின்னால் நின்ற சுப்பம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனாள். கங்காணி திரும்பி ஒரு முறை முறைத்தார். அவள் அடங்கிப்போனாள். அன்றைக்கு அடங்கியதற்காகப் பிறகு தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது சின்ன விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலிலும் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் இப்படித்தான் முத்துவீரனுக்கு விரலில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் வெட்டினார்கள்.

"ஏங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இப்பவா? கிளினிக்குக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. அதுக்குள்ள நான் ஒடம்பத் தயார் பண்ணிக்கிறேன்."

கால் அழுகுகிறது, இவர் தயாராகப் போகிறாராம்! சுப்பம்மா அதற்குமேல் வாதாடவில்லை. "மருந்து மட்டும் கட்டிக்கிட்டு வந்திருவோம், ரத்தமெல்லாம் எடுக்க மாட்டாங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். தினமும் கொடுப்பதுபோல் ரொட்டியும், சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியும் கொடுத்தாள். அவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நேரே ஸாஹிராவிடம் போனாள். பாகற்காயிலிருந்து தொதல் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "வெறும் வயிறு இல்லையே மிஸ், பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"சீனி எவ்வளவு ஏறியிருக்குண்டு பார்க்க எந்த நேரமும் எடுக்கலாம். சாப்பிட்டத மறைக்காமச் சொன்னாச் சரி" என்ற ஸாஹிரா, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் காலைப் பார்த்தார். உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார்.

கங்காணி பதறிப்போனார். "இன்னைக்கா? இன்னைக்கு என் கிளினிக் நாளே இல்லீங்களே! நான் தயாரில்லைங்க!" என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸாஹிரா கயிற்றைக் கட்டி, ஊசியைக் குத்தி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீனி நானூறைத் தாண்டியிருந்தது. டொக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் யாருடைய இரத்தத்தைக் கொடுத்தாய் என்று கேட்டார். கங்காணிக்கு "ஹொந்தாய்" கூட வரவில்லை. சுப்பம்மாதான் பதில் சொன்னாள். ஸாஹிரா அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

"எல்லாம் இவரு ரத்தந்தாங்க டொக்டர் ஐயா. அது பெரிய துரை வர்ற அன்னைக்கு உள்ள ரத்தம். இது வீட்டுல இருக்கிற ரத்தம்."

அன்றே வார்டில் சேர்த்தார்கள். இன்சுலின் ஏற்றிச் சீனியை இறக்கி, இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் காலையே எடுத்திருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்டு சுப்பம்மா வராந்தாவுக்குப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அவள் மனசில் மரியாதை இல்லாத மனுஷன்தான். ஆனாலும் அவளுடைய மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த கங்காணி பெருமூச்சு விட்டார். "ஒரு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் தயாராகியிருப்பேன். வழக்கம்போலப் பாஸ் பண்ணியிருப்பேன். விரலும் தப்பியிருக்கும். இவதான் திடுதிப்புன்னு இழுத்துக்கிட்டு வந்து மாட்டிவிட்டா." வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சுப்பம்மாவை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் செய்தார்கள்.

அவளுக்குக் கையிலிருந்த தண்ணீர்ச் சட்டியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. மற்றக் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஆமாங்க, ரெண்டு விரலு என்னாலதான் போச்சு. கால் யாரால மிஞ்சுச்சுன்னும் வந்தவங்ககிட்டச் சொல்லிருங்க."