போனில் ஆடிய பகடைக் கால்பந்து

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்திரண்டாம் நாள் அவர் சவூதிக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது போனில் மட்டும்தான். "சாப்டீங்களா?" என்பேன். "சாப்டேன். நீ?" என்பார். "ஆத்தாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்பார். மழை பெய்ததா, முந்திரி பூத்துவிட்டதா என்று இரண்டு கேள்வி. அப்புறம் மற்றவர் முதலில் வைக்கட்டும் என்று இருவரும் காத்திருப்போம்.

அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது கால்பந்து ஒன்றுதான். கந்தர்வக்கோட்டையைச் சுற்றி எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் அவர் ஆடப் போயிருப்பார். எங்கள் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை முழுக்க அவருடைய டீம்தான் உட்கார்ந்திருந்தது. எனக்கோ பந்து வலைக்குள் போனால் கோல் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.

இரண்டாவது வருடம் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து அவருடைய இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அங்கேயே ஆபரேஷன் செய்தார்கள். அது முடிந்து பத்தாவது நாள் ஊரடங்கு வந்து விமானமெல்லாம் நின்றுபோனது. ஆறு பேர் தங்கும் கேம்ப் அறையில், மற்ற ஐந்து பேரும் ஊரடங்கிலும் நிற்காத வேலைக்குப் போன பிறகு, கீழ்க் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு அவர் மட்டும் கிடந்தார்.

"ஆத்தாகிட்ட மூச்சு விடாத. நான் ஊருக்கு வந்து சொல்லிக்கிறேன்," என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நானும் சொல்லவில்லை. என் மாமியாரோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிக்கொண்டு, அவர் மகனின் கால் முறிந்ததை ஒளித்துவைத்தேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவருடைய பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கேள்விகள் நின்றன. பிறகு பதில்கள் "ம்" ஆயின. ஒரு நாள் மத்தியானம் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில், "நான் இருந்து என்ன ஆகப் போவுது, சொல்லு," என்றார். கோபமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை.

அந்த வாரம் கம்பெனியில் ஏதோ பழைய பேப்பர் கேட்டார்கள் என்று பீரோவின் மேலிருந்த அவருடைய சூட்கேஸைத் திறந்தேன். பேப்பர் கிடைக்கவில்லை. ஜெர்சிகளுக்கு அடியில் பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே கால்பந்து மைதானத்தின் படம். முதல் முறை போனபோது டீம் ஆட்களுக்காக வாங்கி, கொடுக்க மறந்திருக்கிறார். உள்ளே மடக்கும் பலகை ஒன்று, பந்துக்காக ஒரு வெள்ளைக் காய், இரண்டு பகடைகள், முப்பத்தாறு கார்டுகள். அரபியிலும் இங்கிலீஷிலும் விதிகள் அச்சடித்த தாள் ஒன்று. நான் பி.காம். வரை படித்தவள். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினேன்.

ஆட்டம் எளிதுதான். மைதானத்தின் நீளத்துக்கு ஒன்பது கட்டங்கள். பந்து நடுவில். இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்ட வேண்டும். யாருக்குக் கூடுதலோ அவர், கூடுதலான அளவுக்குப் பந்தை எதிராளியின் பக்கம் நகர்த்தலாம். இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் ஃபவுல்; ஒரு கார்டு எடுத்து அதில் உள்ளபடி செய்ய வேண்டும். பந்து கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டால் கோல் அடிக்கலாம். அடிப்பவரின் எண் கோலியின் எண்ணைவிடக் குறைந்தது இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் ஒரு பலகையின் இருபுறமும் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு. எங்களுக்கு நடுவில் கடல் இருந்தது. பகடையும் கார்டுகளும் என்னிடம் மட்டுமே இருந்தன.

"என்னங்க, ஒரு வெளையாட்டு இருக்கு. ஆடலாமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒன்னும் வேணாம்."

"எனக்கு வேணும். எனக்குக் கால்பந்தே தெரியாதுல்ல. சொல்லிக் குடுங்க."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "பகடைக்கு எங்கிட்டுப் போறது?" என்றார். மறுநாள் வீடியோவில் குளியல் சோப்பைக் கத்தியால் சீவிச் செய்த பகடை ஒன்றைக் காட்டினார். பால்பாயின்ட் பேனாவால் புள்ளிகள். ஓரங்கள் கோணலாக இருந்தன. அதைச் செய்ய அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

கார்டுகளுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆறு வரிசை, ஆறு கட்டம் என்று நோட்டில் கோடு போட்டு, முப்பத்தாறு கார்டுகளையும் தமிழில் எழுதிப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். ஃபவுல் ஆனால் இருவரும் இன்னொரு முறை உருட்டுவோம்; அவருடைய பகடை வரிசையைச் சொல்லும், என்னுடைய பகடை கட்டத்தைச் சொல்லும். இரண்டும் சேரும் இடத்தில் இருப்பதுதான் கார்டு. 'மஞ்சள் அட்டை, ஒருமுறை உருட்டக்கூடாது', 'எதிர்க்காற்று, பந்து இரண்டு கட்டம் பின்னால்' என்றெல்லாம் இருக்கும். 'உங்கள் வீரருக்குக் காலில் காயம், மைதானத்தை விட்டு வெளியேறுகிறார்' என்று நான்கு கார்டுகள் இருந்தன. அந்த நான்கு கட்டத்திலும் 'மழை, ஆட்டம் தொடரும்' என்று எழுதிவிட்டேன்.

இங்கே மூன்று மணி, அங்கே பன்னிரண்டரை. தினமும் அதுதான் எங்கள் நேரம். மாடிப்படியின் மேல் தட்டில்தான் சிக்னல் நிற்கும். தகரக் கூரையின் வெக்கையில், மடியில் பலகையோடு உட்காருவேன். தொண்ணூறு நிமிடத்துக்கு நெட் தாங்காது என்பதால் ஒரு பாதிக்கு இருபது உருட்டு என்று வைத்துக்கொண்டோம். பகடை விழுந்து, எண்ணைச் சொல்வதற்குள் லைன் கட்டானால் அந்த உருட்டு செல்லாது.

நான் அவரை ஜெயிக்க வைத்தேன். என் பகடையைக் கேமராவுக்கு வெளியே உருட்டுவேன். ஐந்து விழுந்தால் இரண்டு என்பேன். ஆறு விழுந்தால் மூன்று என்பேன். ஒவ்வொரு கோலுக்கும் "அடடா!" என்று சலித்துக்கொள்வேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் தினமும் வந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் சமைத்தேன், தூங்கினேன்.

அத்தைக்கு இது கண்ணை உறுத்தியது. "புருசன் அங்கிட்டு வெயில்ல கெடந்து ஒழைக்கிறான். இவ இங்கிட்டு ஒக்காந்து தாயம் ஆடுறா," என்று வாசலில் யாரிடமோ சொன்னது மாடிவரைக்கும் கேட்டது.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, பாதி ஆட்டத்தில் அவர் பகடையைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரமா ஆடுற. ஒனக்கு ஒரு தடவகூட ஆறு விழலையா?"

நான் பகடையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"நாலு எடத்துல மழன்னு எழுதிருக்க. கால்பந்துல காயமே படாதா? என்னையப் பச்சப்புள்ளன்னு நெனச்சியா? நொண்டின்னு நெனச்சியா?"

கத்தினார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை. லைனை வெட்டிவிட்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கடைசிக் கயிற்றையும் நானே அறுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை புது விதிகளோடு அவருடைய மெசேஜ் வந்திருந்தது. கேமராவில் தெரியும்படி, தட்டில்தான் பகடையை உருட்ட வேண்டும். தன் எண்ணைத் தான் சொல்லக் கூடாது, எதிராளி பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காயக் கார்டு நான்கும் திரும்ப வர வேண்டும். காயம் பட்ட டீம், அந்தப் பாதி முடியும்வரை தன் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொண்டு ஆட வேண்டும். கடைசியில், 'ஆள் கொறஞ்சாலும் மேட்ச நிறுத்த மாட்டாங்க' என்று இருந்தது.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் நிஜமாகவே ஆடினோம். நான் ஆறு கோல் போட்டு ஜெயித்த நாளில் அவர் எரிச்சலோடு, "ஒனக்கு கொழுப்பு," என்றார். கார்னர் என்றால் என்ன, ஆஃப்சைடு எதற்கு என்றெல்லாம் உருட்டுக்கு நடுவே சொன்னார். பேசிக்கொண்டே இருந்தோம். எனக்குப் பயம் கொஞ்சம் விட்டிருந்தது.

அப்போதுதான் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு நேராகக் கூடவில்லை, ஊருக்குப் போய் மறுபடியும் உடைத்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை இரண்டு வரி மெசேஜாக அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டார்.

அன்று மூன்று மணிக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, அவர் அறையில் தங்கியிருந்த ஆவுடையார்கோவில் பக்கத்து அண்ணன் ஒருவரின் நம்பரை எப்படியோ பிடித்தேன்.

"தங்கச்சி, மறைக்க விரும்பல. ரெண்டு நாளா தண்ணிகூட சரியாக் குடிக்கல. செவுத்தப் பாத்து படுத்தவரு திரும்பவே இல்ல. எனக்கு வேலைக்குப் போகவே பயமா இருக்கு."

"அண்ணே, இன்னைக்கு லீவு போட முடியுமா? அவரத் தனியா விடாதீங்கண்ணே. உங்க போனை ஸ்பீக்கர்ல போட்டு அவரு தலைமாட்டுல வைங்க. அவரு பேச வேணாம்."

அந்த அண்ணன் லீவு போட்டார். அந்த மனிதரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடும்போது அத்தை முற்றத்தில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாரம், கால், ஆபரேஷன், சாப்பிடாமல் கிடப்பது, எல்லாம். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். கையில் இருந்த கொட்டைகள் கீழே விழ, "எனக்கு அப்பவே அவன் கொரல்ல ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சிச்சு ஆத்தா. நீயா சொல்லுவன்னு பாத்தேன்," என்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே படியேறினார்.

பலகையை விரித்தேன். "என்னங்க, மேட்ச் ஆரம்பிக்கிறேன். உங்களுக்கும் நானே உருட்டுறேன்," என்றேன். அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும். உங்களுக்கு நாலு, எனக்கு ரெண்டு, பந்து என் பக்கம் ரெண்டு கட்டம். உங்களுக்கு ஒன்னு, எனக்கு அஞ்சு. சொல்லிக்கொண்டே போனேன். தொண்டை வறண்டது. அத்தை ஒரு செம்பு தண்ணீரை எனக்கும் பலகைக்கும் நடுவே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாதி முடிந்தது. அவருக்கு ஒரு கோல், எனக்கு ஒரு கோல். இரண்டாம் பாதி ஆரம்பித்தேன். அவர் கேட்கிறாரா, தூங்குகிறாரா, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எதுவும் தெரியாது. நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் என்று மட்டும் தோன்றியது.

"உங்களுக்கு மூணு. எனக்கு மூணு," என்று சொல்லிவிட்டு அடுத்த உருட்டுக்குப் பகடையை எடுத்தேன்.

"ஃபவுலு," என்றது போன்.

எடுத்த பகடையைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு பேருக்கும் மூணு. ஃபவுலு. கார்டு எடுக்கணும்ல." தண்ணீர் குடிக்காத தொண்டை. சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

அத்தை போனைப் பிடுங்கினார். "ஐயா, ஆத்தா பேசுறேன்யா. எல்லாம் தெரியும்யா. ஒத்தக் காலோட வந்தாலும் எம்புள்ள எனக்கு வேணும்யா."

அங்கே ஒரு பெரிய ஆண்பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அந்த அண்ணன், "அழுவட்டும், விடுங்க, அழுவட்டும்," என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் இருவரும் மாடிப்படியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்று சாயங்காலம் கஞ்சி குடித்தார் என்று போட்டோ வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். விமானம் கிடைக்க மேலும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் மூன்று பேரும் ஆடினோம்; அத்தை மகனுக்குப் பதிலாக எனக்கு எதிராக உருட்டியது உண்டு. எத்தனையோ நாள் அவர் படுத்தபடி எண்களை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் வந்தவரைப் பார்த்தபோது, முகத்தை அடையாளம் காண எனக்கு ஒரு நொடி ஆனது. அவ்வளவு இளைத்திருந்தார்.

புதுக்கோட்டையில் மறுபடி ஆபரேஷன் நடந்தது. இடது கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. அதே ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கும் டாக்டரிடமும் மாதம் ஒருமுறை போகிறோம். கறம்பக்குடியில் ஒரு உரக்கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். சில நாட்களில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். இப்போதெல்லாம் சுற்றி வளைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த நெனப்பு வருதா?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். சில நாள் இல்லை என்பார். சில நாள் வருகிறது என்பார். வருகிறது என்றால் அன்று நான் எங்கும் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர் மைதானத்தில் மேட்ச் நடந்தது. நான் கூப்பிடவில்லை. அவராகவே செருப்பைப் போட்டுக்கொண்டு தாங்கித் தாங்கி நடந்து போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது. சோறு போட்டேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "லெஃப்ட்டு சைடுல எவ்வளவு எடம் கெடக்கு, ஒருத்தனும் ஏறி வர மாட்றான்," என்றார்.

"ஏன் வரலையாம்?" என்று கேட்டேன்.

இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.